ஷோவுக்கு வாங்கிய துப்பாக்கி

எங்கள் ஹாலில் டி.வி.க்கு மேலே ஒரு துப்பாக்கி மாட்டியிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அதைப் பார்க்கிறார்கள், பிறகு என்னைப் பார்க்கிறார்கள். தண்ணீர் கேன் போடுகிறவர் கேனை இறக்கி வைக்க மறந்து நின்றுவிட்டார். எதிர் ஃப்ளாட் பெண்மணி, "ஆன்ட்டி, இது சுடுமா?" என்று வாசலில் நின்றபடியே கேட்டாள். சுடாது. சுடாது, சுடாது என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் வளர்ந்து, ரயில்வே கேட்டில் பாதி ஆயுளைக் கழித்து, இப்போது பிள்ளைகள் வீட்டு சோபாவில் ரிமோட் எங்கே என்று தேடிக்கொண்டிருக்கும் என் வயதுக்காரர்களே, இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். சின்னவர்களிடம் சொன்னால் "சோ ஸ்வீட்" என்பார்கள். இதில் ஸ்வீட்டாக ஒன்றும் இல்லை. எங்கள் குடும்பத்துக்கு வந்த சுடாத துப்பாக்கிகளில் இது இரண்டாவது. முதலாவது வந்தது நான் ஆறாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அப்பாவுக்குக் குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோடு மேல் ஹார்டுவேர் கடை. நாள் முழுக்க ஊருக்குப் புதுச் சாமான் விற்றவர், தனக்கென்று ஒரு புதுச் சாமான் வாங்கியதில்லை. கடையில் புதிதாக வாங்குகிறவன் ஏமாளி என்பது அவர் கட்சி. செம்பாக்கத்தில் எங்கள் வீட்டு ஹாலில் நாற்காலி என்று கிடந்தது ஒரு பழைய சலூன் நாற்காலி. அதில் கொஞ்சம் அசந்து உட்கார்ந்தால் முதுகுப்பக்கம் சட்டென்று சாய்ந்து, உட்கார்ந்தவர் ஷேவிங்குக்குத் தயாராகிவிடுவார். ஒரு தமிழ் டைப்ரைட்டர் இருந்தது. அதில் மூன்று சுழி ‘ண’ இல்லை. ‘ஆணி’ என்று அடிக்க வழியில்லாத மெஷினை ஆணி விற்கிற மனுஷர் வாங்கி வந்திருந்தார். "தூக்கிப் போட்டானுங்க, நான் தூக்கிட்டு வந்தேன்" என்று பெருமையாகச் சொல்வார். அம்மா, "இது வீடா, காயலான் கடையா?" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்து, கடைசியில் அந்த நாற்காலியிலேயே சாய்ந்து தூங்கப் பழகிவிட்டாள்.

அந்தப் பங்குனியில் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி. பட்டாளத்திலிருந்து பென்ஷனில் வந்தவர். கறுப்பு டிரங்குப் பெட்டியை எங்கே வைப்பது என்று கேட்டு, அப்பா கை காட்டிய மூலையில் வைத்து, சுவரை ஒட்டி நேராக்கினார். மறுநாள் எழுந்து பார்த்தால் வீட்டுச் செருப்புகள் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. லீவு நாளில் என் ஸ்கூல் ஷூவில் என் முகம் தெரிகிறது. ஏன் மாமா என்று கேட்டால், "சும்மாதான பாப்பா இருக்கேன்" என்பார்.

அவரிடம் எனக்கு ஆகாத விஷயம் ஒன்றே ஒன்று. அப்பா எதைச் சொன்னாலும் "சரிங்க மாமா" என்பார். இன்றைக்குப் புழுக்கமாக இருக்கிறது என்று அப்பா சொன்னாலும் சரிங்க மாமா, இன்றைக்குக் காற்று நன்றாக வருகிறது என்றாலும் சரிங்க மாமா. அக்கா வீட்டில் தங்கி, அக்கா புருஷன் வாங்கிப் போட்ட அரிசியைச் சாப்பிடுகிறவர் வேறு என்ன சொல்வார் என்பது எனக்கு அப்போது தெரியாது. அப்பா அதை முழுச் சம்மதமாகவே எடுத்துக்கொள்வார். "மச்சானே சொல்லிட்டான்" என்று எங்களிடம் வாதாடுவார். "அவன் சரின்னா சரின்னு அர்த்தம் இல்லைங்க" என்று அம்மா சொன்னால், "பின்ன என்ன அர்த்தம், தப்புன்னா?" என்பார்.

தாம்பரம் மார்க்கெட்டில் புதிதாக ஒரு நகைக்கடை வர இருந்தது. வாசலுக்கு கன்மேன் தேவை. பட்டாளத்துக்காரர் என்றதும் நகைக்கடைக்காரருக்கு மாமாவைப் பிடித்துவிட்டது. ஒரே நிபந்தனை, துப்பாக்கி சொந்தமாக இருக்க வேண்டும். இப்போதும் பல இடங்களில் அப்படித்தான், வெல்டிங்காரர் மெஷினைக் கொண்டுவருவதுபோல கன்மேன் துப்பாக்கியைக் கொண்டுவர வேண்டும். மாமா அலைந்து திரிந்து இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்கிவிட்டார். துப்பாக்கிதான் பாக்கி. இதற்கிடையில் மேடவாக்கத்தில் பெண் பார்த்துப் பூ வைத்தாயிற்று. "முதல்ல வேலையில போய் நிக்கட்டும், அப்புறம் தேதி வைப்போம்" என்று பெண்ணின் அப்பா சொல்லியிருந்தார். ஆக, துப்பாக்கி வந்தால் வேலை, வேலை வந்தால் கல்யாணம். வைகாசி கடைசி முகூர்த்தத்தில் கடை திறப்பு.

மேடவாக்கத்துப் பெண் ஒரு நாள் தன் அம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். மரியாதைக்கு அவளை அந்த சலூன் நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். நாற்காலி தன் வேலையைக் காட்டியது. காபி டம்ளரோடு மல்லாந்தவள், ஒரு சொட்டு சிந்தாமல் டம்ளரை உயர்த்திப் பிடித்தபடி விழுந்து விழுந்து சிரித்தாள். மாமாவும் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். போகும்போது அவள் தன் தலையிலிருந்த ஜாதிமல்லியில் பாதியை எனக்கு வைத்துவிட்டுப் போனாள். எனக்கு அவளை அவ்வளவு பிடித்துப்போயிற்று.

மவுண்ட் ரோட்டில் துப்பாக்கிக் கடை இருக்கிறது, போய் வாங்கிக்கொள்கிறேன் என்று மாமா மெதுவாகச் சொன்னார். அப்பா விடுவாரா? "கடையில வாங்குவியா? நான் எதுக்கு இருக்கேன்? துப்பாக்கி என்னோட சீர்னு வச்சுக்கோ மச்சான். நான்தான் வாங்கித் தருவேன்" என்றார். இதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அப்பா மனசார சொன்னார். மாமா கண் கலங்கி, "சரிங்க மாமா" என்றார்.

தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பழம்பொருள் சேகரிப்பவர்களின் கண்காட்சி என்று அப்பாவுக்குத் தெரிந்தது எங்கள் கெட்ட நேரம். விற்பனையும் உண்டு, பழைய பட்டாளத்துத் துப்பாக்கிகளும் வருகின்றன என்று கேள்விப்பட்டு வந்து குதித்தார். அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாமாவோட நீயும் போ. உங்கப்பா கண்டதையும் தூக்கிட்டு வந்தா அழுது கூட்டத்தக் கூட்டு" என்று சொல்லி அனுப்பினாள்.

மண்டபத்தில் முந்தைய நாள் கல்யாணத்தின் சாம்பார் வாசனை இன்னும் போகவில்லை. அதோடு நாப்தலீன் உருண்டை வாசனையும் சேர்ந்து தலையை வலித்தது. பந்தி மேஜைகளில் நாணயங்கள், தபால்தலைகள், குழாய் வைத்த கிராமபோன்கள். மணமேடையில் சுவரில் சாத்தி வரிசையாகத் துப்பாக்கிகள். அவற்றின் சொந்தக்காரர் மாப்பிள்ளைக்குப் போடுகிற சிவப்பு வெல்வெட் நாற்காலியில் காலை மடித்து உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்பா நேராக நீளமான ஒன்றைப் போய்ப் பிடித்தார்.

"கைய வச்சா கரெக்டா வச்ச சார்" என்றார் துப்பாக்கிக்காரர். "த்ரீ நாட் த்ரீ. வெள்ளக்காரன் காலத்து சரக்கு. லைசென்ஸ் கிசென்ஸ் ஒன்னியும் வாணாம்."

"எங்ககிட்ட லைசென்ஸே இருக்குப்பா" என்றார் அப்பா கம்பீரமாக.

துப்பாக்கிக்காரர் குழம்பிப்போய்ப் பீடியை அணைத்தார். "இருந்தா நல்லதுதான். ஆனா பாத்துக்க சார், இது ஷோவுக்குத்தான். அப்பால வந்து என்னாண்ட பேஜார் பண்ணக்கூடாது."

"ஷோவுக்குத்தான? தெரியும்."

"அத்தான் சொல்லிகினு கீறேன். ஷோவுக்கு மட்டும்."

அப்பா எங்கள் பக்கம் திரும்பி ரகசியமாக, "ஷோவுக்கு மட்டும்தானாம் இந்த ரேட்டு. வெளிய போனா இந்த விலைக்குக் கிடைக்காது" என்றார்.

அலங்காரத்துக்கு மட்டும் என்று அவர் சொல்கிறார். கண்காட்சித் தள்ளுபடி என்று இவர் கேட்கிறார். இரண்டு பேரும் தலையாட்டிக்கொள்கிறார்கள். அந்த மண்டபத்தில் ஒரே சொல்லை இரண்டு பேர் இவ்வளவு ஒற்றுமையாகத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்க மாட்டார்கள்.

மாமா துப்பாக்கியைக் கையில் வாங்கினார். அதுவரை எங்கள் வீட்டில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நடமாடியவருக்கு அப்போதுதான் கை சரியான இடத்தில் இருந்தது. போல்ட்டை இழுத்துத் திறந்தார். குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்து இழுக்க, எனக்கும் காட்டினார். அப்பா கடையில் பைப்புக்குள் பார்த்ததுபோல அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியும் என்று நினைத்தேன்.

"மாமா, உள்ள இருட்டா இருக்கு" என்றேன்.

"துப்பாக்கிக்குள்ள டியூப்லைட்டா போட்டிருப்பாங்க?" என்றார் அப்பா. "நீ சொல்லு மச்சான். எப்படி இருக்கு?"

மாமா அப்பாவின் முகத்தைப் பார்த்தார். மண்டபத்திலேயே சந்தோஷமான முகம் அதுதான். பிறகு துப்பாக்கியின் கட்டையைத் தடவினார்.

"மரம் நல்லா இருக்கு மாமா" என்றார்.

வேறு எவராக இருந்தாலும் அந்த நொடியே புரிந்துகொண்டிருப்பார்கள். ஒருவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, சாப்பாடு எப்படி என்று கேட்டால் இலை நல்ல இலை என்று சொல்வதற்குச் சமம் அது. துப்பாக்கிக்காரருக்கே புரிந்துவிட்டது, மாமாவை ஒரு மாதிரி பார்த்தார். அப்பாவுக்கு மட்டும் புரியவில்லை. "மச்சானே சொல்லிட்டான்" என்று பேரம் பேச ஆரம்பித்தார். அம்மா சொல்லி அனுப்பியபடி நான் அழுது பார்த்தேன். பஞ்சுமிட்டாய் வாங்கிக் கொடுத்து வாயை அடைத்தார்கள்.

பெட்ஷீட்டில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தோம். சுற்றினால் மட்டும் துப்பாக்கி துப்பாக்கிபோல இல்லாமல் போய்விடுமா? எங்களைச் சுற்றி மூன்று சீட் காலியாயிற்று. கண்டக்டர் தூரத்தில் நின்றே டிக்கெட் கொடுத்தார். "ஒண்ணுமில்ல சார், ஷோல வாங்கினது" என்று அப்பா எல்லாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தார். மாமா அதை மடியில் கிடத்தி, ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா அதை நேரே வீட்டில் வைத்திருந்தால்கூடப் பாதி மானம் மிஞ்சியிருக்கும். மறுநாளே கடைக்குக் கொண்டுபோய்விட்டார். கல்லாவுக்குப் பின்னால் நிறுத்தி, தாழ்ப்பாள் வாங்க வந்தவர், டேப் வாங்க வந்தவர் எல்லாருக்கும் எடுத்துக் காட்டினார். நகைக்கடைக்காரரைக் கூட்டிவந்து காட்டினார். "சுடுமா?" என்று அவர் கேட்டதற்கு, "பட்டாளத்துத் துப்பாக்கியப் போய் சுடுமான்னு கேக்கறீங்களே" என்று சிரித்தார். மாமா அப்போது கடைக்கு உள்ளே ஆணி டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அவை ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன.

துப்பாக்கியை லைசென்ஸில் ஏற்ற வேண்டும் என்று போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். ஸ்டேஷன் எப்படி இருக்கும் என்று நான் தெரிந்துகொள்ள வேண்டுமாம், அதற்காக அப்பா என்னையும் கூட்டிப்போனார். தெரிந்துகொண்டேன். ஏட்டு துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தார், லைசென்ஸைப் பார்த்தார், மறுபடி துப்பாக்கியைப் பார்த்தார்.

"இது ரெட்டக் குழல் லைசென்ஸு. நீங்க கொண்டாந்தது த்ரீ நாட் த்ரீ, பட்டாளத்து ரைபிள். இத நீங்க வச்சிருக்கவே கூடாது, உள்ள தூக்கிப் போட்டுருவாங்க" என்றார். அப்பாவின் முகம் வெளுத்தது. ஏட்டு மேஜை டிராயரிலிருந்து துடைப்பக் குச்சி ஒன்றை எடுத்துக் குழலுக்குள் விட்டார். அது கொஞ்ச தூரம் போய் நின்றது. "ஆனா பயப்படாதீங்க. ஈயம் ஊத்தி அடைச்சி வச்சிருக்கு. இதுக்கு லைசென்ஸ் எதுக்குய்யா? இது தடி. வீட்டுல கொண்டுபோய் மாட்டுங்க."

ஸ்டேஷன் முழுக்கச் சிரித்தது. லாக்கப்பில் இருந்தவர்கூடச் சிரித்தார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று அப்பா மாமாவைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா இது?"

"தெரியும் மாமா."

"எப்போ?"

"அங்கயே. குழல்ல பாத்தப்போ."

"ஏன்டா சொல்லல?"

"நீங்க ஆசப்பட்டு வாங்கினீங்க."

"நான் எங்கடா ஆசப்பட்டேன்? எனக்கெதுக்குடா துப்பாக்கி? உனக்காகத்தானடா வாங்கினேன்."

மாமா லைசென்ஸைச் சட்டைப்பையில் வைத்தார். "சரிங்க மாமா" என்றார். அப்பா துப்பாக்கியைத் தரையில் போட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தார். மாமா குனிந்து எடுத்து, மண்ணைத் துடைத்து, தோளில் சாத்திக்கொண்டு பின்னாலேயே நடந்தார். என்னை இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் ரோட்டில் நின்று கத்தினேன். அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்கள்.

வேறு துப்பாக்கி வாங்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வாங்கியிருக்கலாம். அப்பா கடனை வாங்கியாவது வாங்கித் தருகிறேன் என்றுதான் சொன்னார். ஆனால் அதற்குள் கதை மார்க்கெட் முழுக்கப் பரவிவிட்டது. அப்பா அதை எத்தனை பேருக்குக் காட்டியிருந்தாரோ அத்தனை பேருக்கும் இப்போது அது சுடாது என்று தெரியும். நகைக்கடைக்காரர் வீட்டுக்கே வந்து தன்மையாகத்தான் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க. கடை வாசல்ல நிக்கிறவரப் பாத்துத் திருடன் பயப்படணும். இவரப் பாத்தா சிரிப்பான். இனிமே நெஜத் துப்பாக்கி வச்சிருந்தாலும் சிரிப்பான்." பேசிக்கொண்டே பின்னால் சாய்ந்தார். நாற்காலி அவரையும் மல்லாத்தியது. அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

மேடவாக்கத்திலிருந்து பெண்ணின் அப்பா வரவேயில்லை, ஆள் அனுப்பினார். "துப்பாக்கியே ஷோவுக்குன்னா மாப்பிள்ளையும் ஷோவுக்குத்தானான்னு ஊர்ல கேக்கறாங்களாம்" என்று வந்தவர் சொன்னார். பூ வைத்தபோது அம்மா எடுத்துக் கொடுத்த புடவை, தட்டுச் சாமான் எல்லாம் திரும்பி வந்தன. அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் சிரித்துவிட்டு, அதனால் என்ன என்று சொல்லியிருப்பாள் என்றுதான் எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. காபி சிந்தாமல் விழத் தெரிந்த பெண் அவள்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்பே மாமா கிளம்பிவிட்டார். ஓசூரில் ஒரு ஃபேக்டரி கேட்டில் காவல் வேலை. அங்கே துப்பாக்கி தேவையில்லை, கையில் ஒரு தடி கொடுத்தார்கள். அந்தத் தடியோடு பென்ஷன் வயதைத் தாண்டியும் நின்றார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அந்த டிரங்குப் பெட்டி இருந்த மூலையில் துப்பாக்கியைச் சாத்தி வைத்தார், அதைப் பற்றிப் பேசினால் எழுந்து போய்விடுவார். ரோடு அகலப்படுத்தியபோது கடை போயிற்று. அப்பா போன பிறகு வீட்டைப் பிரித்தபோது நாற்காலி, டைப்ரைட்டர், துப்பாக்கி எல்லாம் ஒரே மூன்று சக்கர வண்டியில் காயலான் கடைக்குப் போயின.

அப்பா கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மாமா வாயில்லாத பூச்சியாக இருந்திருந்தாலும் சுலபம். பனி மலையில் நின்று எதிரியைப் பார்த்தவர் அவர். ஒரு மனுஷனிடம் "இது அடைச்ச துப்பாக்கி மாமா" என்று சொல்ல வரவில்லை. என்ன ஜென்மங்கள் இவர்கள் என்று இத்தனை வருஷமாக நான் திட்டிக்கொண்டிருக்கிறேன். எல்லாரும் எல்லாருக்கும் விட்டுக்கொடுத்து, விட்டுக்கொடுத்து, ஒரு பெண்ணையும் ஒரு வாழ்க்கையையும் விட்டுவிட்டார்கள்.

இப்போது இந்த இரண்டாவது துப்பாக்கிக்கு வருகிறேன்.

வீட்டுக்காரர் போன பிறகு நான் மகள் வீட்டோடு நாவலூருக்கு வந்துவிட்டேன். மாப்பிள்ளை தங்கமானவர். காலையில் என் மாத்திரைகளை எடுத்து வைத்துவிட்டுத்தான் ஆபீஸுக்குப் போவார். போன மாதம் அவர்தான் எங்களை ஒரு ஹோட்டலில் நடந்த பழம்பொருள் ஷோவுக்குக் கூட்டிப்போனார். ஏசி ஹால், நாப்தலீன் வாசனை இல்லை. சுவரில் கண்ணாடிப் பெட்டிக்குள் நீளத் துப்பாக்கிகள். கொண்டை போட்ட பையன் ஒருவன், "ஒரிஜினல் மிலிட்டரி பீஸ் ஆன்ட்டி" என்று ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தே விட்டான். நான் போல்ட்டைத் திறந்து, விளக்குக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். இருட்டு.

அதைக் கீழே வைக்க எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்திருக்கும் போல. நிமிர்ந்தால் மாப்பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"அத்தை, இவ்வளவு ஆசையா நீங்க எதையும் பாத்ததே இல்ல. வாங்கிடலாமா? எப்படி இருக்கு?" என்றார்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். டி.வி.க்கு மேலே உள்ள அந்த இடத்தில் வீட்டுக்காரர் படத்தை மாட்டச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று நான் எத்தனையோ நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன், வீடு அவர்களுடையதாயிற்றே என்று கேட்காமலே இருந்தேன். அதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். அந்த ஹாலிலேயே சந்தோஷமான முகம் அதுதான்.

"மரம் நல்லா இருக்கு மாப்பிள்ளை" என்றேன்.

அன்று சாயங்காலமே ஆள் வந்து ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போனான். படம் இன்னும் என் பீரோவில் புடவைகளுக்கு நடுவில் இருக்கிறது.

எனக்கு என் மேலேயே வந்த எரிச்சலில் ஓசூருக்கு போன் போட்டேன். மாமாவுக்கு இப்போது காது சரியாகக் கேட்காது, எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். சொன்னேன்.

"உள்ள பாத்தியா பாப்பா?" என்றார்.

"பாத்தேன் மாமா. அடைச்சிருக்கு."

"மாப்பிள்ளைகிட்ட சொன்னியா?"

"இல்ல. மரம் நல்லா இருக்குன்னு சொன்னேன்."

கோபமாவது படுங்கள் மாமா, இந்த ஒரு தடவையாவது அப்பாவைத் திட்டுங்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது.

"வாரத்துக்கு ஒருதரம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைச்சு விடு" என்றார் மாமா. "இல்லன்னா மரம் வெடிச்சுடும்."

"சரிங்க மாமா" என்றேன்.